ஒரே ஒரு ரேஸ்... அப்புறம் தண்ணி வண்டி! ஒலிம்பிக்கின் முதல் மாரத்தானை ஜெயித்த ஸ்பிரிடான் லூயிஸின் கதை

நீங்க ராயபுரத்துக்கும் எண்ணூருக்கும் நடுவுல எங்கயாவது குடியிருக்கிறவர்னா, ஓடுறதுல என்ன கஷ்டம்னு உங்களுக்குத் தனியா சொல்ல வேண்டியதில்லை. எக்ஸ்பிரஸ் ரோட்டுல ஒரு பக்கம் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும். இன்னொரு பக்கம் கடலரிப்புக்குக் கொட்டின கருங்கல். விடியற்காலையில ஷூ மாட்டிக்கிட்டு இறங்கினா முதல்ல மூக்குல ஏறுறது புழுதி. காசிமேடு பக்கம் மீன் வாசனை, மணலிப் பக்கம் இருந்து காத்து அடிச்சா அது வேற வாசனை. நைட் ஷிஃப்ட் முடிச்சுட்டு வந்து அந்தத் தூக்கத்தோடவே அஞ்சு கிலோமீட்டர் ஓடிட்டு வீட்டுக்குப் போறவங்க இங்க இருக்காங்க. கோச் கிடையாது, ஜெல் கிடையாது, டைம் பார்க்க ஒரு போன்.

அப்படி ஓடுற ஒருத்தருக்கு ஸ்பிரிடான் லூயிஸ் ரொம்ப தூரத்து ஆள் இல்லை. உங்க தெருவுக்குக் கேன் தண்ணி போடுற அண்ணனை நினைச்சுக்கங்க. இருபது லிட்டர் கேனைத் தோள்ல வெச்சுக்கிட்டு மூணாவது மாடிக்கு மூச்சு வாங்காம ஏறிப் போவாரே, அவர்தான். லூயிஸ் செய்ததும் ஏறக்குறைய அதே வேலை. ஊரு மட்டும் ஏதென்ஸ்.

1873 ஜனவரி 12-ம் தேதி கிரீஸ் நாட்டில் மரூசி என்ற ஊரில் பிறந்தார் லூயிஸ். அன்றைக்கு அது ஏதென்ஸுக்கு வெளியே இருந்த கிராமம். ஏழைக் குடும்பம். அந்தக் காலத்து ஏதென்ஸில் ஊர் முழுக்கப் போகும் குழாய்த் தண்ணீர் வசதி இல்லை. மரூசியின் ஊற்றுத் தண்ணீரை எடுத்துக்கொண்டு போய் நகரத்தில் விற்பது அவர் அப்பாவின் தொழில். மகனும் கூடவே சுமந்தார். ஊருக்கும் நகரத்துக்கும் நடுவே பத்து கிலோமீட்டருக்கு மேல். ராயபுரத்தில் இருந்து கிளம்பி எண்ணூரை நெருங்கும் தூரம்னு வெச்சுக்கலாம். மெட்ரோ வாட்டர் லாரி வரும் சத்தம் கேட்டதும் குடத்தைத் தூக்கிக்கிட்டு ஓடின கால் உங்களுடையதுன்னா, அவருடைய பயிற்சி எங்கே நடந்ததுன்னு புரிஞ்சிருக்கும். மைதானம் எதுவும் இல்லை. ரோடுதான்.

அப்பதான் பிறந்த ஒரு ரேஸ்

மாரத்தான்னு ஒரு போட்டி லூயிஸ் பிறந்தபோது உலகத்திலேயே கிடையாது. பண்டைய ஒலிம்பிக்கிலும் இல்லை. நிறைய பேர் அது ஆயிரக்கணக்கான வருஷமா ஓடிக்கிட்டே வர்ற ரேஸ்னு நினைக்கிறாங்க. கி.மு. 490-ல் மாரத்தான் சமவெளியில் பாரசீகர்களை ஏதென்ஸ்காரர்கள் தோற்கடித்தார்கள். அந்த வெற்றிச் செய்தியை ஒரு வீரன் ஏதென்ஸ் வரை ஓடிச் சொல்லிவிட்டு அங்கேயே விழுந்து செத்தான் என்பது கதை. அந்தப் போரைப் பற்றி விரிவாக எழுதிய ஹெரோடோட்டஸ் இந்த ஓட்டத்தைச் சொல்லவே இல்லை. அவர் சொல்வது, உதவி கேட்டு ஸ்பார்ட்டாவுக்கு ஓடிய ஒரு தூதனைப் பற்றி. ஆனாலும் கதை நல்லா இருந்ததால நின்னுடுச்சு.

1896-ல் ஏதென்ஸில் ஒலிம்பிக்கை மறுபடியும் ஆரம்பிக்கும் ஏற்பாடுகள் நடந்தபோது, மிஷேல் ப்ரேயால் என்ற பிரெஞ்சு மொழியியல் அறிஞர் இந்தக் கதையைப் பிடித்துக்கொண்டார். மாரத்தானில் இருந்து ஏதென்ஸ் வரை ஒரு ஓட்டம் வையுங்கள், ஜெயிப்பவருக்கு நானே ஒரு வெள்ளிக் கோப்பை தருகிறேன் என்று யோசனை சொன்னார். தூரம் சுமார் 40 கிலோமீட்டர். இன்னைக்கு நாம மனப்பாடமா சொல்ற 42.195 எல்லாம் 1908 லண்டன் ஒலிம்பிக்கில் வந்த கணக்கு. நம்ம ஊர் அளவில் சொன்னா, ராயபுரம் ரயில் நிலையத்தில் இருந்து எண்ணூர் போய், திரும்பி வந்து, மறுபடியும் எண்ணூர். அந்த ஸ்டேஷனுக்கு 1896-ல் வயது சரியா நாற்பது.

கிரீஸுக்கு அப்போது இந்த ரேஸ் வெறும் விளையாட்டு இல்லை. 1893-ல்தான் அந்த நாடு கடனைக் கட்ட முடியாமல் திவாலாகியிருந்தது. போட்டி நடக்கும் பழைய மைதானத்தைப் பளிங்கில் புதுப்பிக்கக்கூட அரசாங்கத்திடம் காசு இல்லை. எகிப்தில் வியாபாரம் செய்து பணக்காரரான ஜார்ஜ் அவெரோஃப் என்ற கிரேக்கர்தான் கொடுத்தார். அப்படிக் கட்டிய மைதானத்தில் ஓட்டப் போட்டிகளில் எல்லாம் வெளிநாட்டுக்காரர்கள் ஜெயித்துக்கொண்டே போனார்கள். கிரேக்கர்கள் சொந்தச் சொத்து மாதிரி நினைத்த வட்டு எறிதலைக்கூட ஒரு அமெரிக்கர் தட்டிக்கொண்டு போய்விட்டார். மிச்சம் இருந்த பெரிய நம்பிக்கை மாரத்தான் ஒன்றுதான்.

இந்த ரேஸுக்கு ஆள் எடுக்க கிரீஸில் தகுதிப் போட்டிகள் நடந்தன. லூயிஸ் ராணுவத்தில் இருந்தபோது அவருடைய மேலதிகாரியாக இருந்தவர் பாப்பாடியமாண்டோபுலோஸ். ஒலிம்பிக் ஓட்டப் போட்டிகளைத் தொடங்கி வைக்கும் பொறுப்பும் அவரிடம்தான். அவருக்கு இந்தப் பையன் கால் மேல் நம்பிக்கை இருந்தது. ஓடிப் பார் என்று தள்ளிவிட்டார். லூயிஸ் தகுதிப் போட்டியில் வந்தது ஐந்தாவது இடம். நேரம் 3 மணி 18 நிமிடம் 27 விநாடி. கிலோமீட்டருக்கு ஏறக்குறைய ஐந்து நிமிடம். உங்க ஆப்ல இந்த பேஸ் வந்தா ஸ்க்ரீன்ஷாட் எடுத்து ஸ்டேட்டஸ் போடுவீங்க, நியாயம்தான். ஆனால் அதை வைத்து ஒலிம்பிக் ஜெயிப்பார் என்று யாரும் பந்தயம் கட்டியிருக்க மாட்டார்கள்.

மேடு... மேடு... இன்னும் மேடு

1896 ஏப்ரல் 10. மதியம் இரண்டு மணி வாக்கில் மாரத்தான் கிராமத்தில் 17 பேர் வரிசையில் நின்றார்கள். 13 பேர் கிரேக்கர்கள். வெளியில் இருந்து வந்தது நாலே பேர்: ஆஸ்திரேலியாவின் எட்வின் ஃப்ளாக், அமெரிக்காவின் ஆர்தர் பிளேக், பிரான்ஸின் அல்பின் லெர்முசியோ, ஹங்கேரியின் ஜூலா கெல்னர். இதில் முதல் மூன்று பேரும் அந்த ஒலிம்பிக்கின் 1,500 மீட்டரில் முதல் மூன்று இடத்தைப் பிடித்தவர்கள். ஃப்ளாக் அதற்கு முந்தைய நாள்தான் 800 மீட்டரையும் ஜெயித்திருந்தார். தொழில்ல அவர் ஒரு கணக்காளர். டிராக்கில் பறக்கும் கால்கள். ஆனால் 40 கிலோமீட்டர்?

இந்த ரூட்டைப் பற்றி ஒண்ணு சொல்லியாகணும். ஆரம்பத்தில் சமதளம். பத்து கிலோமீட்டர் தாண்டியதும் ரோடு மெல்ல ஏற ஆரம்பிக்கும். இறங்குற மாதிரி போக்குக் காட்டிட்டு மறுபடியும் ஏறும். 31-வது கிலோமீட்டர் வாக்கில்தான் அந்த ஏற்றம் முடிந்து ஏதென்ஸை நோக்கி இறங்கும். அதாவது, உடம்பில் இருந்த தெம்பெல்லாம் கரைந்து, கால் கல்லாகிற அதே நேரத்தில் மேட்டின் உச்சி. ஓடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், முப்பதுக்கு மேல் வரும் ஒவ்வொரு கிலோமீட்டரும் தனிக் கணக்கு. அங்கே போய் மேட்டையும் வைத்த ரோடு இது. அன்றைக்குத் தார் கிடையாது, மண்தான்.

லெர்முசியோ தொடக்கத்திலேயே விட்டுவிட்டார் பாருங்க ஒரு ஓட்டம். பாதித் தூரத்தை நெருங்கும்போது பின்னால் வருபவர்கள் கண்ணுக்கே தெரியவில்லை. வழியில் ஒரு கிராமத்து மக்கள், இவர்தான் ஜெயிக்கப் போகிறார் என்று முடிவு கட்டி, ஓடிக்கொண்டிருந்தவருக்கு வெற்றி மாலையே சூட்டிவிட்டார்கள். ரிசல்ட் வர்றதுக்கு முன்னாடி பட்டாசு வெடிக்கிற பழக்கம் நமக்கு மட்டும் சொந்தமில்லை போல.

லூயிஸ்? கூட்டத்தோடு கூட்டமாகப் பின்னால் வந்துகொண்டிருந்தார். பிக்கெர்மி என்ற ஊரில் நின்று ஒரு கிளாஸ் ஒயின் குடித்தார் என்று சொல்வார்கள். ஒயின் இல்லை, காதலி கொடுத்த அரை ஆரஞ்சும் வருங்கால மாமனார் கொடுத்த பிராந்தியும் என்று குடும்பத்தில் வழங்கி வந்த கதை வேறு. முன்னால் போகிறவர்கள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார்கள் என்று விசாரித்துவிட்டு, எல்லோரையும் பிடித்துவிடுவேன் என்று அமைதியாகக் கிளம்பினார் என்பது வரை எல்லாக் கதைகளும் ஒத்துப்போகின்றன. (பிராந்தி யோசனையை நீங்க எடுத்துக்க வேண்டாம். ஓட்டத்துக்கு நடுவில் அது தண்ணித் தாகத்தைக் கூட்டும், வேறு எந்த உபகாரமும் செய்யாது.)

அதுக்கப்புறம் நடந்தது, சுமை தூக்கிப் பழகியவருக்கும் டிராக்கில் பழகியவர்களுக்கும் உள்ள வித்தியாசம். 23-வது கிலோமீட்டரில் பிளேக் நின்றுவிட்டார். 32-ல், மேடு முடிந்த இடத்தில், மாலை வாங்கிய லெர்முசியோ முடியாமல் ஒதுங்கினார். இப்போது ஃப்ளாக் முதலிடம். பின்னாலேயே ஒரே வேகத்தில் ஒரு ஆள் நெருங்கிக்கொண்டே வருகிறார். கொஞ்ச நேரம் இருவரும் முன்னும் பின்னுமாக ஓடினார்கள். மைதானத்துக்கு இன்னும் சில கிலோமீட்டர் இருக்கும்போது ஃப்ளாக்கின் உடம்பு கைவிட்டுவிட்டது. தள்ளாடி விழப்போனவரைத் தாங்கிப் பிடித்த ஒரு பார்வையாளரையே, நினைவு தப்பிய நிலையில், குத்திவிட்டார். அவரை வண்டியில் ஏற்றித்தான் கொண்டுபோனார்கள். முந்தின நாள்தான் 800 மீட்டரை ஜெயித்த சாம்பியன் அவர். நாற்பது கிலோமீட்டர் ரோட்டுக்கு அதெல்லாம் தெரியாதே.

மைதானத்தில் முதலில் வந்த செய்தி ஆஸ்திரேலியர் முன்னிலை என்பது. பளிங்குப் படிகளில் உட்கார்ந்திருந்த பல்லாயிரம் பேரும் ஓய்ந்து போனார்கள். பிறகு குதிரையில் வந்து சேர்ந்தார் பாப்பாடியமாண்டோபுலோஸ். நேராக அரசர் இருந்த இடத்துக்குப் போய் விஷயத்தைச் சொன்னார். ஒரு கிரேக்கன் முன்னால் வருகிறான் என்ற பேச்சு படிக்குப் படி தாவியது. புழுதியும் வியர்வையுமாக லூயிஸ் உள்ளே நுழைந்தபோது இளவரசர்கள் கான்ஸ்டன்டைனும் ஜார்ஜும் இறங்கி வந்து, அந்தத் தண்ணீர்க்காரரின் இரண்டு பக்கமும் கடைசி வரை கூடவே ஓடினார்கள். நேரம் 2 மணி 58 நிமிடம் 50 விநாடி. கிலோமீட்டருக்குச் சுமார் 4 நிமிடம் 28 விநாடி. சில வாரங்களுக்கு முன் ஓடியதைவிட ஏறக்குறைய இருபது நிமிடம் வேகம்!

இரண்டாவதாக வந்த வாசிலாகோஸ் ஏழு நிமிடத்துக்கும் மேல் பின்னால். மூன்றாவது வந்தவர் பெலோகாஸ், அவரும் கிரேக்கர். மூணு இடமும் நமக்கே என்று கொண்டாட்டம் ஆரம்பித்தது. நாலாவது வந்த கெல்னர் புகார் கொடுத்தார்: பெலோகாஸ் வழியில் கொஞ்ச தூரம் வண்டியில் ஏறி வந்தார் என்று. விசாரித்தால் உண்மை. மூன்றாம் இடம் ஹங்கேரிக்குப் போனது. மெட்ரோவில் ஏறிப் போய் ஃபினிஷ் லைனைத் தொடும் ஆட்கள் இன்றைக்குத்தான் வந்தார்கள் என்று நினைக்காதீங்க, முதல் ரேஸிலேயே இருந்திருக்காங்க.

உள்ளே விடப்படாத இரண்டு பேர்

லூயிஸ் கதையைச் சொல்லும்போது இவங்களை விட்டுட்டுப் போக எனக்கு மனசு வரலை. ஒருவர் கார்லோ ஐரோல்டி, இத்தாலிக்காரர். பயணச் செலவுக்குக் காசில்லாததால் மிலானில் இருந்து ஏதென்ஸுக்கு நடந்தே கிளம்பினார். நடுவில் கொஞ்சம் கப்பல், மற்றபடி கால்தான். வந்து சேர்ந்தவரிடம், இதற்கு முன்னால் ஓடிப் பரிசுப் பணம் வாங்கியிருக்கிறாய், அதனால் நீ அமெச்சூர் இல்லை என்று சொல்லிப் பெயரையே சேர்க்கவில்லை. அந்தக் காலத்து ஒலிம்பிக்கில் அமெச்சூர் என்ற சொல்லுக்கு அர்த்தம், விளையாட்டால் ஒரு காசும் வாங்காதவர். வசதி இருக்கிறவனுக்கு அது பெருமை. வசதி இல்லாதவனுக்குக் கதவில் தொங்கும் பூட்டு.

இன்னொருவர் ஸ்டமாட்டா ரெவிதி. பிரேயஸ் என்ற துறைமுக ஊரில் வாழ்ந்த ஏழைப் பெண். ஏதென்ஸுக்கு பிரேயஸ் எப்படியோ, சென்னைக்கு ராயபுரமும் காசிமேடும் அப்படி. கைக்குழந்தையோடு பிழைப்புத் தேடி நடந்து வந்தவர் இந்த ரேஸைக் கேள்விப்பட்டு ஓட வந்தார். பெண் என்பதால் சேர்க்க மறுத்தார்கள். லூயிஸ் ஜெயித்ததற்கு மறுநாள், மாரத்தான் கிராமத்து ஆட்களிடம் கிளம்பிய நேரத்தை எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, தனியாக அதே ரோட்டில் ஓடினார். சுமார் ஐந்தரை மணி நேரம். பளிங்கு மைதானத்துக்குள் அவர் காலை வைக்க விடவில்லை. அதற்குப் பிறகு அவர் என்ன ஆனார் என்று எந்தப் பதிவும் இல்லை. ஒலிம்பிக்கில் பெண்களுக்கு மாரத்தான் வந்தது 1984-ல்.

என்ன வேணும், கேளு!

ஜெயித்த லூயிஸுக்குக் கிடைத்தது ஒரு வெள்ளிப் பதக்கம் (அந்த ஒலிம்பிக்கில் முதல் பரிசே வெள்ளிதான்), ஒரு ஆலிவ் கிளை, ப்ரேயாலின் கோப்பை. ஆனால் ஊர் அதோடு விடுமா? நகைகள் தருகிறேன் என்றார்கள். ஆயுள் முழுக்க இலவசமாக ஷேவிங் செய்துவிடுவதாக ஒரு முடிதிருத்துபவர் அறிவித்தார் என்றுகூட ஒரு கதை உண்டு. அதில் எதையெல்லாம் அவர் வாங்கிக்கொண்டார் என்பது தெளிவில்லை. அரசர், என்ன வேண்டும் கேள் என்றபோது, தண்ணீர் கொண்டுபோக ஒரு கழுதையும் வண்டியும் கேட்டார் என்பது மட்டும் கிரீஸ் முழுக்க நிலைத்துவிட்டது.

இதைப் படிச்சதும் சிலருக்குச் சிரிப்பு வரும். அரசர் கேட்கச் சொல்லும்போது கழுதையா? கடையில மாட்டி வெச்சிருக்கிற கழுதைப் படத்தைப் பார்த்தா யோகம்னு நம்புற ஊர்ல இருந்துக்கிட்டு நாம சிரிக்கக் கூடாது. எனக்கு இதில் வெகுளித்தனம் தெரியவில்லை. தினமும் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தண்ணீரோடு நடப்பவனுக்கு எது பெரிய விஷயம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அடுத்த நாள் காலையிலும் ஏதென்ஸுக்குத் தண்ணீர் வேண்டும், அப்பாவின் தொழில் அப்படியேதான் இருக்கிறது. கேன் போடுற அண்ணன்கிட்ட ஒரு லோடு ஆட்டோ வேணுமா, ஊர்வலம் வேணுமான்னு கேட்டுப் பாருங்க.

அதன்பிறகு ஸ்பிரிடான் லூயிஸ் எந்தப் போட்டியிலும் ஓடவில்லை. 23 வயதில், உச்சியில் நின்றுகொண்டு, ஷூவைக் கழற்றிவிட்டார். மரூசிக்குத் திரும்பி விவசாயம் செய்தார். பிறகு உள்ளூர் போலீஸ்காரராக இருந்தார். கல்யாணம், பிள்ளைகள். முப்பது வருஷம் அவர் கதையில் செய்தி என்று சொல்ல ஒன்றுமில்லை. நல்ல விஷயம்தான்.

1926-ல் வந்த செய்தி மோசமானது. ராணுவ ஆவணங்களைத் திருத்தியதாகக் குற்றம்சாட்டி அவரைக் கைது செய்தார்கள். வழக்கு முடியும்வரை ஒரு வருஷத்துக்கும் மேல் சிறை. கடைசியில் குற்றமில்லை என்று நீதிமன்றம் விடுவித்தது. நாடே தோளில் தூக்கிய மனிதர், ஐம்பது வயதுக்கு மேல், நிரூபிக்கப்படாத ஒரு குற்றத்துக்காக ஒரு வருஷத்தை உள்ளே கழித்தார். இளவரசர் யாரும் பக்கத்தில் ஓடி வரவில்லை. பத்திரிகைகளில் இது பெரிய விஷயமாகி, மக்கள் கொதித்தார்கள்.

அப்புறம் 1936, பெர்லின். ஒலிம்பிக் நடத்திய ஜெர்மானியர்கள் அவரைச் சிறப்பு விருந்தினராகக் கூப்பிட்டார்கள். 63 வயது லூயிஸ், மடிப்பு மடிப்பான வெள்ளைப் பாவாடை போன்ற கிரேக்கப் பாரம்பரிய உடையில், கிரீஸ் அணியோடு மைதானத்துக்குள் வந்தார். ஒலிம்பியாவில் இருந்து கொண்டுவந்த ஆலிவ் கிளையை ஹிட்லரின் கையில் கொடுத்தார். ஆலிவ் கிளை என்றால் சமாதானம். அந்தப் படத்தை இன்றைக்குப் பார்க்க வயிற்றைப் பிசையும். அவரைக் குறை சொல்ல எனக்குத் தோன்றவில்லை. அவர் நாற்பது வருஷத்துக்கு முந்தைய தன் ஓட்டத்துக்குக் கிடைத்த மரியாதை என்றுதான் போயிருப்பார். கூப்பிட்டவர்கள்தான் கணக்குப் போட்டுக் கூப்பிட்டவர்கள்.

1940 மார்ச் 26-ம் தேதி மரூசியில் இறந்தார். அதே வருஷம் அக்டோபரில் முசோலினியின் இத்தாலி கிரீஸ் மீது படையெடுத்தது. அடுத்த வருஷம் ஹிட்லரின் படைகள் ஏதென்ஸுக்குள் வந்தன. அதையெல்லாம் பார்க்க அவர் இல்லை.

ப்ரேயால் கொடுத்த வெள்ளிக் கோப்பை, சுமார் 15 சென்டிமீட்டர் உயரம்தான், குடும்பத்திலேயே இருந்தது. 2012-ல் அவர் பேரன் அதை லண்டனில் ஏலத்துக்குக் கொண்டுவந்தார். 5,41,250 பவுண்டுக்கு ஒரு கிரேக்க அறக்கட்டளை வாங்கியது. ஏதென்ஸில் மக்கள் பார்வைக்கு வைப்பதற்காகத்தான் வாங்கினார்கள்.

கிரேக்க மொழியில் ஒரு வழக்கு உண்டு. ஒருத்தர் கண் இமைக்கிற நேரத்தில் ஓடி மறைந்துவிட்டால், அவர் லூயிஸ் ஆகிவிட்டார் என்பார்கள். நாம கம்பி நீட்டிட்டான்னு சொல்ற இடத்துல அவங்க இவர் பேரைச் சொல்றாங்க.

2004-ல் ஒலிம்பிக் மறுபடியும் ஏதென்ஸுக்கு வந்தபோது தொடக்க விழா நடந்த பெரிய மைதானத்துக்குப் பெயர் ஸ்பிரோஸ் லூயிஸ் மைதானம். அது இருப்பது மரூசியில். அந்த ஒலிம்பிக்கின் மாரத்தானும் பழைய ரோட்டிலேயே ஓடி, அதே பளிங்கு மைதானத்தில் முடிந்தது. இப்போதும் ஒவ்வொரு நவம்பரிலும் உலகம் முழுக்க இருந்து வரும் ஆயிரக்கணக்கான அமெச்சூர்கள் மாரத்தான் ஊரில் இருந்து கிளம்புகிறார்கள். ரோட்டுக்குத் தார் போட்டாயிற்று. பிக்கெர்மியைத் தாண்டியும் மேடு விடாது, 31-வது கிலோமீட்டர் வரை அப்படியேதான் இருக்கிறது.